பணியாளர் கருத்தரிப்பு நலத்திட்ட நிறுவனங்களில் முதலீடு

பணியாளர் கருத்தரிப்பு நலத்திட்ட நிறுவனங்கள் என்பவை, ஒரு தொழில் நிறுவனம் தன் பணியாளர்களுக்கு வழங்கும் கருத்தரிப்புச் சிகிச்சைச் சலுகைகளை அந்நிறுவனத்தின் சார்பில் வடிவமைத்து நடத்தித் தரும் புத்தொழில் நிறுவனங்கள் ஆகும். வெளிச் சோதனை முறைக் கருக்கட்டல் (பேச்சு வழக்கில் சோதனைக் குழாய் முறை), கருமுட்டைகளை உறைய வைத்துச் சேமித்தல், விந்துச் செலுத்தல், தத்தெடுப்புக்கும் வாடகைத் தாய்மைக்கும் ஆகும் செலவை ஈடு செய்தல் ஆகியன இச்சலுகைகளில் அடங்கும். இத்துறை பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்காவில் தோன்றி வளர்ந்தது. 2015 ஆம் ஆண்டுக்குப் பின்னர் துணிகர முதலீட்டாளர்களின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்த இத்துறையிலிருந்து 2019 இல் ஒரு நிறுவனம் பங்குச் சந்தைக்கும் வந்தது.

இத்தொழிலில் சிகிச்சை பெறுபவர் ஒருவர், சிகிச்சை அளிப்பவர் வேறொருவர், பணம் செலுத்துபவர் மூன்றாமவர். குழந்தை வேண்டும் பணியாளர் இந்நிறுவனங்களின் வாடிக்கையாளர் அல்லர். அவரை வேலைக்கு அமர்த்திய முதலாளியே வாடிக்கையாளர். முதலீட்டின் இலாபமும் ஆபத்தும் பெரும்பாலும் இந்த ஒரு நிலையிலிருந்தே பிறக்கின்றன.

பின்னணி

உலகின் முதல் வெளிச் சோதனை முறைக் குழந்தை 1978 சூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் பிறந்தது. ஐக்கிய அமெரிக்காவில் இம்முறையில் முதல் குழந்தை 1981 டிசம்பரில் வர்ஜீனியா மாநிலத்தின் நோர்ஃபோக் நகரில் பிறந்தது. அதன்பின் சிகிச்சை விரைவாகப் பரவியது. ஆனால் காப்புறுதி நிறுவனங்கள் அதை ஏற்கவில்லை. குழந்தையின்மை நோய் அன்று என்றும், சிகிச்சை விருப்பத்தின்பாற்பட்டது என்றும் அவை வாதிட்டன. எனவே செலவு குடும்பங்களின் தலையிலேயே விழுந்தது. அந்நாட்டில் ஒரு சிகிச்சைச் சுற்றுக்கு மருந்துகளையும் சேர்த்து 15,000 முதல் 20,000 டாலரும் சில வேளைகளில் அதற்கு மேலும் ஆகும். ஒரே சுற்றில் கருத்தரிப்பது உறுதியன்று. பலருக்கு இரண்டு மூன்று சுற்றுகள் தேவைப்படுகின்றன. வீட்டை ஈடு வைத்தும் ஓய்வுக்காலச் சேமிப்பை எடுத்தும் சிகிச்சை பெறுவோர் அங்கு அரிதல்லர்.

குழந்தையின்மை சிறுபான்மையினரின் சிக்கல் மட்டுமன்று. உலக நலவாழ்வு அமைப்பு 2023 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை, வயது வந்தோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் தம் வாழ்நாளில் இச்சிக்கலை எதிர்கொள்கின்றனர் என மதிப்பிட்டது. முதலீட்டாளர்களுக்கு அளிக்கப்படும் விளக்கவுரைகளில் இந்த எண் பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே இடம்பெறும். தேவை பெரிது என்பதை அது காட்டுகிறது. பணம் யார் தருவார் என்பதை அது காட்டுவதில்லை.

முதலாளி ஏன் நடுவில் வந்தார்

இத்துறையைப் புரிந்துகொள்ள அமெரிக்கச் சட்டம் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். அந்நாட்டில் பெரிய நிறுவனங்கள் பல, பணியாளர் மருத்துவச் செலவைக் காப்புறுதி நிறுவனத்திடம் ஒப்படைப்பதில்லை. செலவைத் தாமே ஏற்கின்றன. காப்புறுதி நிறுவனம் கணக்கு வழக்குகளை மட்டும் பார்த்துக்கொள்கிறது. இது தற்காப்புறுதித் திட்டம் எனலாம். 1974 ஆம் ஆண்டின் பணியாளர் ஓய்வூதிய வருமானப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இத்தகைய திட்டங்கள் மாநிலக் காப்புறுதிச் சட்டங்களுக்கு உட்பட்டவை அல்ல.

இதன் விளைவு முக்கியமானது. மேரிலாந்து 1985 இலும் மாசச்சூசெட்ஸ் 1987 இலும் கருத்தரிப்புச் சிகிச்சையைக் காப்புறுதியில் சேர்க்க வேண்டும் எனச் சட்டம் இயற்றின. வேறு பல மாநிலங்களும் பின்தொடர்ந்தன. ஆயினும் அம்மாநிலங்களிலுள்ள பெரிய நிறுவனமொன்றில் வேலை செய்பவருக்கு, நிறுவனம் தற்காப்புறுதித் திட்டம் வைத்திருந்தால், அச்சட்டத்தால் பயனில்லை. 2010 ஆம் ஆண்டின் நடுவண் நலக்காப்புச் சட்டமும் இச்சிகிச்சையைக் கட்டாயமாக்கவில்லை. ஆகவே கொடுப்பதும் மறுப்பதும் முதலாளியின் விருப்பமாயிற்று. இந்த வெற்றிடத்தில்தான் புத்தொழில் நிறுவனங்கள் தம் சந்தையைக் கண்டன.

விருப்பத்தைத் தூண்டிய நிகழ்வுகள் இரண்டு. கருமுட்டைகளை உறைய வைத்தல் சோதனை நிலையிலுள்ள முறை என்ற அடைமொழியை அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2012 அக்டோபரில் நீக்கியது. 2014 இல் பேஸ்புக், ஆப்பிள் ஆகிய நிறுவனங்கள் இதற்காகப் பெண் பணியாளர்களுக்கு 20,000 டாலர் வரை வழங்குவது செய்தியாயிற்று. திறமையான பொறியாளர்களைப் பெறப் போட்டியிட்ட பிற நுட்ப நிறுவனங்களும் அவ்வழியில் சென்றன. மெர்சர் நிறுவனத்தின் கணக்கெடுப்பின்படி, 20,000 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட அமெரிக்க நிறுவனங்களில் வெளிச் சோதனை முறைச் சிகிச்சைக்குப் பணம் தந்தவை 2015 இல் 36 விழுக்காடாகவும் 2020 இல் 42 விழுக்காடாகவும் இருந்தன.

வருவாய் ஈட்டும் முறை

இந்நிறுவனங்கள் இரு வழிகளில் பணம் பெறுகின்றன. முதலாவது, பணியாளர் ஒருவருக்கு மாதம் இவ்வளவு என முதலாளி தரும் நிலைக் கட்டணம். இரண்டாவது, சிகிச்சை நடக்கும்போது பெறும் தொகை. இரண்டாவது வழியில், புத்தொழில் நிறுவனம் மருத்துவமனைகளுடன் பேரம் பேசி விலையை முடிவு செய்துகொண்டு, சற்றுக் கூடுதலான விலையை முதலாளியிடம் பெறுகிறது. கருத்தரிப்பு மருந்துகளை விற்பதிலும் இதே முறை கையாளப்படுகிறது.

ஒரு கணக்கின் மூலம் இதை விளக்கலாம். ஒரு நிறுவனத்தில் 10,000 பேர் வேலை செய்கின்றனர் எனக் கொள்வோம். ஓராண்டில் சிகிச்சை பெறுவோர் நூற்றுக்கு ஒருவர் என்றால் 100 பேர். ஒருவருக்கு 20,000 டாலர் வீதம் 20 இலட்சம் டாலர் செலவாகும். இதை எல்லாப் பணியாளர்களுக்கும் பகிர்ந்தால் தலைக்கு ஆண்டுக்கு 200 டாலர். தேர்ந்த பணியாளர் ஒருவர் விலகினால் புதியவரைத் தேடிப் பயிற்றுவிக்க ஆகும் செலவுடன் ஒப்பிட்டால் இது பெரிதன்று என்பதே முதலாளியிடம் வைக்கப்படும் வாதம். சிலருக்கு மட்டுமே தேவைப்படுவதும், தேவைப்படுவோருக்கு மிக இன்றியமையாததாக இருப்பதும் இச்சலுகையின் தனித்தன்மை.

இரண்டாம் வாதம் மருத்துவம் சார்ந்தது, இதுவே வலுவானது. பழைய காப்புறுதித் திட்டங்கள் வாழ்நாளுக்கு இவ்வளவு டாலர் என வரம்பு வைத்தன. பணம் ஒரு சுற்றோடு தீர்ந்துவிடும் என அஞ்சிய தம்பதியர், ஒரே முறையில் இரண்டு மூன்று கருமுளைகளைக் கருப்பையில் வைக்குமாறு கேட்டனர். இதனால் இரட்டைப் பிள்ளைகளும் மும்மைப் பிள்ளைகளும் மிகுதியாகப் பிறந்தனர். 2000 ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் இம்முறையில் நிகழ்ந்த பேறுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று பல்குழவிப் பேறு ஆகும். குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைச் செலவு பல இலட்சம் டாலர் வரை செல்லும். அதையும் அதே முதலாளிதான் ஏற்க வேண்டும். டாலர் வரம்புக்குப் பதிலாக முழுச் சுற்றுகளாகச் சலுகையை வழங்கினால் ஒரு கருமுளையை மட்டும் வைத்துக்கொள்ளத் தம்பதியர் தயங்கமாட்டார்கள், மொத்தச் செலவு குறையும் என்பது இந்நிறுவனங்களின் கருத்து.

ஆயினும் இவ்வாதத்தின் வலு காலப்போக்கில் குறைந்து வருகிறது. ஒற்றைக் கருமுளை வைத்தல் அமெரிக்க மருத்துவமனைகளில் பொது வழக்கமாகிவிட்டது. பல்குழவிப் பேறு நாடு முழுவதும் வெகுவாகக் குறைந்துள்ளது. தம் முடிவுகள் நாட்டுச் சராசரியை விட மேலானவை எனக் காட்டும் அட்டவணைகளையும் கவனத்துடன் படிக்க வேண்டும். நல்ல வேலையில் இருப்போர், பணத் தட்டுப்பாட்டால் சிகிச்சையைத் தள்ளிப்போடாதோர் ஆகியோரின் முடிவுகள் சராசரியை விட மேலாக இருப்பது இயல்பே. அதில் எவ்வளவு நிறுவனத்தின் பங்கு எனப் பிரித்தறிவது எளிதன்று.

குறிப்பிடத்தக்க நிறுவனங்கள்

புரோஜினி நிறுவனம் 2015 இல் ஆக்சோஜின், ஃபெர்ட்டிலிட்டி அதாரிட்டி ஆகிய இரு நிறுவனங்களின் இணைப்பால் உருவானது. முன்னது கருமுளை வளர்ச்சியைப் படம்பிடித்து ஆராயும் கருவியை உருவாக்கி வந்தது. பின்னது சிகிச்சை நாடுவோரை மருத்துவமனைகளுடன் இணைத்து வந்தது. கிளைனர் பெர்க்கின்சு, டிபிஜி ஆகியன முதலீட்டாளர்களுள் அடங்கும். கருவி விற்பனையை விட முதலாளிகளுக்கான நலத்திட்டமே எதிர்காலம் உடையது எனக் கண்டு நிறுவனம் 2016 இல் அப்பாதைக்கு மாறியது. "ஸ்மார்ட் சைக்கிள்" எனப்படும் சிகிச்சை அலகு இதன் முதன்மையான சரக்கு. முதலாளி தம் பணியாளருக்கு டாலரில் அன்றி இத்தகைய இரண்டு அல்லது மூன்று அலகுகளாகச் சலுகையை அளிக்கிறார். ஆய்வுகளும் மருத்துவர் கட்டணமும் அலகுக்குள் அடங்கும்.

2019 அக்டோபரில் புரோஜினி பங்கு ஒன்று 13 டாலர் விலையில் நாசுடாக் சந்தைக்கு வந்தது. அவ்வாண்டு ஏறத்தாழ 23 கோடி டாலராக இருந்த வருவாய், 2021 இல் 50 கோடியாகவும், 2023 இல் 109 கோடியாகவும், 2024 இல் 117 கோடி டாலராகவும் உயர்ந்தது. பங்கின் விலை 2021 இல் 60 டாலரைக் கடந்தது. எனினும் வருவாய் எண்ணைக் கண்டு மயங்குதல் ஆகாது. அதில் பெரும்பகுதி மருத்துவமனைகளுக்கும் மருந்து நிறுவனங்களுக்கும் சென்றுவிடும். மொத்த இலாபமாக நிற்பது நூற்றுக்கு 20 முதல் 22 டாலர் அளவே. மென்பொருள் நிறுவனத்திற்குரிய மதிப்பை இத்தகைய நிறுவனத்திற்கு அளித்த முதலீட்டாளர்கள் இதை உரிய அளவில் கருதவில்லை எனலாம்.

மேவன் கிளினிக் 2014 இல் நியூ யார்க்கில் கேத்தரின் ரைடரால் தொடங்கப்பட்டது. இது கருத்தரிப்போடு நில்லாமல் மகப்பேறு, குழந்தை வளர்ப்பு, மாதவிடாய் நிறுத்தம் ஆகியவற்றுக்கும் இணையவழி மருத்துவ ஆலோசனை வழங்குகிறது. 2021 ஆகத்து மாதத்தில் 11 கோடி டாலர் திரட்டியபோது இதன் மதிப்பு 100 கோடி டாலரைத் தாண்டியது. 2024 அக்டோபரில் மேலும் 12.5 கோடி டாலர் திரட்டியபோது மதிப்பு 170 கோடி டாலராகக் கணிக்கப்பட்டது.

கேரட் நிறுவனம் 2016 இல் டாமி சன் முதலானோரால் தொடங்கப்பட்டது. 2021 இல் 7.5 கோடி டாலர் திரட்டியது. பல நாடுகளில் பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கு ஒரே திட்டத்தை நடத்தித் தருவதில் இது கவனம் செலுத்துகிறது.

கைன்ட்பாடி நிறுவனத்தின் வழி வேறு. ஃபெர்ட்டிலிட்டி அதாரிட்டியை நிறுவியவரும் புரோஜினியின் முதல் தலைமை அலுவலராக இருந்தவருமான ஜீனா பார்ட்டசி 2018 இல் இதைத் தொடங்கினார். பிற நிறுவனங்கள் மருத்துவமனைகளுடன் ஒப்பந்தம் செய்துகொண்டபோது, இது தன் சொந்த மருத்துவமனைகளைக் கட்டியது. 2022 செப்டம்பரில் வால்மார்ட் இதனுடன் ஒப்பந்தம் செய்தது. 2023 இல் இதன் மதிப்பு 180 கோடி டாலர் எனக் கூறப்பட்டது. சொந்த மருத்துவமனை இருந்தால் இடைத்தரகுச் செலவு மிஞ்சும். ஆனால் ஆய்வகம், உறைநிலைக் கலன்கள், கருவியலாளர்கள் ஆகியவற்றுக்கான முதலீடும், ஆய்வகத்தில் நேரும் தவறுகளுக்கான பொறுப்பும் நிறுவனத்தின் மேலேயே விழும். கருமுளையியலில் தேர்ந்தோரை விரைவாகப் பெருக்க முடியாது; துணிகர முதலீடு எதிர்பார்க்கும் வேகத்திற்கு இத்தொழில் எளிதில் வளைவதில்லை.

2024 செப்டம்பர் நிகழ்வு

முதலாளியே வாடிக்கையாளர் என்ற நிலையின் ஆபத்து 2024 செப்டம்பரில் வெளிப்பட்டது. தன் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்துள்ளார் எனப் புரோஜினி தெரிவித்தது. அந்த ஒரு வாடிக்கையாளரிடமிருந்து வந்தது நிறுவன வருவாயில் 12 முதல் 13 விழுக்காடு ஆகும். செய்தி வெளியானதும் பங்கு ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு அளவு சரிந்தது. அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் விலை 2019 வெளியீட்டு விலைக்கு அருகே வரை இறங்கியது. சிகிச்சை பெற்ற பணியாளர்கள் சேவையில் நிறைவு கண்டனரா இல்லையா என்பது இங்கு கேள்வியாகவே எழவில்லை. மனிதவளத் துறையின் ஒரு முடிவு போதுமானதாயிற்று.

அவ்வாண்டில் இன்னொரு பாடமும் கிடைத்தது. சலுகை உள்ளவர்களில் எத்தனை பேர் சிகிச்சைக்கு வருவர் என்ற வீதம் எதிர்பார்த்ததை விடச் சற்றுக் குறைந்தமையால் நிறுவனம் தன் வருவாய் மதிப்பீட்டைக் குறைக்க நேர்ந்தது. நூற்றுக்கு ஒருவர் என்ற அளவிலுள்ள வீதத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் சிகிச்சை வருவாயிலும் பத்தில் ஒரு பங்கு குறையும். இதனால், வாடிக்கையாளர்களின் எண்ணிக்கையை மட்டும் பாராது, பெரிய வாடிக்கையாளர் ஒருவரின் பங்கு எவ்வளவு, ஒப்பந்தங்கள் எவ்வளவு காலத்திற்கு உரியன, வருவாயில் நிலைக் கட்டணம் எவ்வளவு, சிகிச்சை வழி வருவது எவ்வளவு என்பவற்றை முதலீட்டாளர் பிரித்துப் பார்த்தல் வேண்டும். பெரிய காப்புறுதி நிறுவனங்கள் இதே சேவையைத் தாமே அளிக்கத் தொடங்கியிருப்பதும் கருதத்தக்கது. முதலாளிக்கு ஏற்கனவே கணக்கு வழக்குப் பார்க்கும் நிறுவனம் இதையும் சேர்த்துத் தருமானால், தனி ஒப்பந்தம் எதற்கு என்ற கேள்வி எழுகிறது.

சட்டமும் அரசியலும்

அலபாமா மாநில உச்ச நீதிமன்றம் 2024 பெப்ரவரியில் அளித்த தீர்ப்பில், உறைநிலையிலுள்ள கருமுளைகளும் அம்மாநிலத்தின் சிறார் இறப்பு இழப்பீட்டுச் சட்டத்தில் குழந்தைகளாகவே கருதப்படும் என்றது. அங்குள்ள சில மருத்துவமனைகள் உடனே சிகிச்சையை நிறுத்தின. மார்ச்சு மாதத்தில் மாநிலச் சட்டமன்றம் மருத்துவமனைகளுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டத்தை இயற்றிய பின்னரே அவை பணியைத் தொடர்ந்தன. இடைப்பட்ட சில வாரங்களில், ஊசி மருந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வேறு மாநிலங்களில் இடம் தேட வேண்டியதாயிற்று.

எதிர்த்திசையிலும் மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. கலிபோர்னியாவில் 2024 இல் கையொப்பமான சட்டம், பெரிய குழுக் காப்புறுதித் திட்டங்கள் இச்சிகிச்சையை ஏற்பதை 2026 சனவரி 1 முதல் கட்டாயமாக்கியது. தற்காப்புறுதித் திட்டங்களுக்கு இதுவும் பொருந்தாது. 2025 அக்டோபரில் அமெரிக்க நடுவண் அரசு, பல், கண் சிகிச்சைக் காப்புறுதிகளைப் போல் கருத்தரிப்புச் சலுகையையும் தனித் திட்டமாக முதலாளிகள் வழங்கலாம் என வழிகாட்டுதல் வெளியிட்டது. சில மருந்துகளின் விலைக் குறைப்பையும் அறிவித்தது. அரசு மானியம் எதையும் தரவில்லை. முதலாளியின் விருப்பம் விருப்பமாகவே உள்ளது.

விமர்சனங்கள்

கருமுட்டை உறைய வைக்கும் சலுகை, பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட்டு வேலையைப் பார் எனப் பெண்களுக்குச் சொல்வதாகும் என்ற விமர்சனம் 2014 முதலே உள்ளது. உறைய வைத்த கருமுட்டை பிள்ளைப்பேற்றுக்கு உறுதியன்று. எடுக்கப்பட்டபோது பெண்ணின் வயது என்ன என்பதைப் பொறுத்தே வாய்ப்பு அமைகிறது. மறுபுறம், புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன்னர் கருமுட்டையைக் காக்க வேண்டிய இளம் பெண்களுக்கு இதுவே ஒரே வழியாக அமைவதும் உண்டு.

அதைவிட ஆழமான சிக்கல், பிள்ளைப்பேறு வேலையுடன் கட்டப்படுதல் ஆகும். 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்க நுட்ப நிறுவனங்கள் பல்லாயிரவரை வேலை நீக்கம் செய்தன. சிகிச்சைச் சுற்றின் நடுவே வேலை இழப்பவர், சட்டப்படி பொதுவாக 18 மாதங்கள் வரை பழைய காப்புறுதியைத் தொடரலாம். ஆனால் முதலாளி செலுத்தி வந்த பங்கையும் சேர்த்துத் தாமே செலுத்த வேண்டும். உறைநிலையில் உள்ள கருமுளைகளுக்கான ஆண்டுச் சேமிப்புக் கட்டணமும் தொடரும். விருப்பமில்லாத வேலையை இச்சலுகைக்காகவே விடாமல் இருப்பவர்களும் உள்ளனர். வாரம் 20 மணி நேரம் வேலை செய்யும் பகுதிநேரப் பணியாளர்களுக்கும் சிகிச்சைச் செலவை ஏற்கும் ஸ்டார்பக்ஸ் நிறுவனத்தில், அதன் பொருட்டே இரண்டாம் வேலையாகச் சேர்ந்த பெண்களைப் பற்றி அமெரிக்க இதழ்கள் எழுதியுள்ளன. முதலீட்டாளர் மொழியில் இது பணியாளரைத் தக்கவைக்கும் ஆற்றல் எனப்படுகிறது. அதே நிகழ்வைப் பணியாளரின் பக்கமிருந்து நோக்கினால் அப்பெயர் பொருந்தாது.

பிற நாடுகளில்

அரசு செலவை ஏற்கும் நாடுகளில் இத்தொழிலுக்கு இடம் குறைவு. இசுரேல் இரண்டு குழந்தைகள் வரை, 45 வயதுக்கு உட்பட்ட பெண்களின் சிகிச்சைச் செலவைப் பொது நிதியிலிருந்து ஏற்கிறது. சப்பான் 2022 ஏப்ரல் முதல், 43 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான சிகிச்சையை நாட்டுக் காப்புறுதியில் சேர்த்தது. ஐக்கிய இராச்சியத்தில் தேசிய நலச் சேவை சிகிச்சை அளித்தாலும், எத்தனை சுற்றுகள் என்பது வாழும் பகுதியைப் பொறுத்து வேறுபடுகிறது; ஆதலால் அங்கு முதலாளிகள் வழியான சேவைக்கும் ஓரளவு சந்தை உருவாகியுள்ளது.

இந்தியாவில் நிலை வேறு. தமிழ்நாடு உட்பட நாடெங்கும் கருத்தரிப்பு மருத்துவமனைகள் பெருகியுள்ளன. முதலீடும் பெரும்பாலும் மருத்துவமனைத் தொடர்களுக்கே செல்கிறது. நலக் காப்புறுதிப் பத்திரங்களுக்கெனக் காப்புறுதி ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த சீர்தர விலக்குகளின் பட்டியலில் மலட்டுத்தன்மைச் சிகிச்சை 17 ஆம் விலக்காக இடம்பெற்றது. கூடுதல் கட்டணம் செலுத்தி இவ்விலக்கை நீக்கிக்கொள்ள விரும்பும் நிறுவனம், தன் பணியாளர் குழுக் காப்புறுதியில் சிகிச்சைக்கு ஒரு வரம்புத் தொகையைச் சேர்க்கலாம். 2021 ஆம் ஆண்டின் உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் மருத்துவமனைகளையும் விந்து, கருமுட்டை வங்கிகளையும் பதிவு செய்யக் கோருகிறது. கருமுட்டை கொடையளிக்கும் பெண்ணுக்கு, சிகிச்சை பெறும் தம்பதியர் 12 மாதக் காப்புறுதி எடுத்தல் வேண்டும் என்றும் அது விதிக்கிறது. அத்தம்பதியரின் சொந்தச் சிகிச்சைச் செலவுக்குக் காப்புறுதி பற்றி அச்சட்டத்தில் ஏற்பாடு இல்லை.